முதுகு காட்டாத அக்கா

எங்கள் வீட்டுக்குக் கேஸ் அடுப்பு வருவதற்கு முன்னாலேயே கம்ப்யூட்டர் வந்துவிட்டது. அம்மா விறகை ஊதிக்கொண்டிருந்த காலம் அது. அப்பாவின் தம்பியான என் சித்தப்பா, செங்கல்பட்டிலிருந்து சாலவாக்கம் பஸ்ஸில் இரண்டு அட்டைப்பெட்டிகளோடு வந்து இறங்கினார். தெருப் பிள்ளைகள் எல்லோரும் டிவி என்று நினைத்துப் பின்னாலேயே வந்தோம். நெல் மூட்டை அடுக்கும் அறையில் ஒரு பழைய மேஜையைப் போட்டு, அதன்மேல் எல்லாவற்றையும் வைத்து, ஒயர்களை மாட்டி ஸ்விட்சைப் போட்டபோது கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள்தான் ஓடின. படம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் போக வேறு வீடு இல்லை.

சித்தப்பா கம்ப்யூட்டர் படித்துவிட்டு சென்னையில் வேலை தேடி அலைந்து திரும்பியவர். கேம் செய்கிற கம்பெனி ஒன்றில், நீயாக ஒரு கேம் செய்து எடுத்துக்கொண்டு வா, பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்களாம். அவரை வளர்த்து ஆளாக்கியது அப்பாதான். இருவருக்கும் வயது வித்தியாசம் அதிகம். அதனால் தம்பி பகலெல்லாம் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து எலிவாலைப் பிடித்ததுபோல் ஒரு மவுஸைப் பிடித்துக்கொண்டிருந்ததை அப்பா பொறுத்துக்கொண்டார். வயலுக்குப் போகும்போது ஒரு தடவை எட்டிப் பார்ப்பார்.

சித்தப்பா செய்த கேம் எங்கள் ஊர்தான். ஏரிக்கரை, கரையோரம் பனைமரங்கள், மாரியம்மன் கோயில், தெரு, தெருமுனையில் பஸ் ஸ்டாப். அம்புக்குறி போட்ட பொத்தான்களை அழுத்தினால் நாம் ஊருக்குள் நடக்கலாம். சுடுவது, ஓடுவது, எதிரி என்று எதுவும் கிடையாது. "இதுல இன்னா பண்ணணும் சித்தப்பா?" என்று கேட்டேன். "நடக்கணும்" என்றார். அந்தக் கம்பெனி அவரை ஏன் கூப்பிடவில்லை என்று பிற்பாடு புரிந்தது.

வீடுகளையும் கோயிலையும் நான்கு பக்கச் சுவரோடு செய்தவர், மரத்தையும் மனிதர்களையும் அப்படிச் செய்யவில்லை. எங்கள் மெஷினுக்கு அவ்வளவு தெம்பு இல்லை என்பார். ஒரு பனைமரத்தை முழு உருவமாகச் செய்தாலே திணறி நின்றுவிடுமாம். அதனால் போட்டோ எடுத்து, சுற்றியிருப்பதை வெட்டிவிட்டு, அட்டைபோல அப்படியே நிறுத்திவிடுவார். நாம் எந்தப் பக்கம் போனாலும் அந்த அட்டை நம்மைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும். தட்டையானது என்று கண்டுபிடிக்க முடியாது. ஏரிக்கரைப் பனைகள் எல்லாம் நான் நடக்க நடக்க என்னைப் பார்த்தே நின்றன.

இதில் ஒரு வம்பும் வந்தது. எதிர் வீட்டுக்காரர் தன் காளையையும் அதில் சேர்க்கச் சொல்லி, அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தினார். சித்தப்பா பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுத்தார். கேமில் எந்தப் பக்கம் சுற்றி வந்தாலும் காளையின் அதே இடது விலாதான் தெரிந்தது. காளைக்காரர் நின்று நின்று பார்த்துவிட்டு, "என் மாட்டுக்கு இன்னொரு பக்கம் எங்கடா?" என்றார். எடுக்கவில்லை என்று சித்தப்பா சொன்னதும், பாதி மாட்டை வைத்துக்கொண்டு என்ன பண்ணப் போகிறாய் என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

மனிதர்களைப் படம் எடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்துச் சுவரில் அம்மாவின் நீலப் புடவையைக் கட்டித் தொங்கவிட்டு, அதன் முன்னால் ஒவ்வொருவராக நிறுத்தினார் சித்தப்பா. பின்னால் ஒரே நிறமாக இருந்தால் வெட்ட வசதியாம். அக்காவும் நின்றாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். செங்கல்பட்டு காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். முதலில் மாட்டேன் என்றாள். பிறகு காலேஜ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, பஸ்ஸுக்கு நிற்பது மாதிரி நின்றாள். சித்தப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று நான் கன்னத்தை உப்பிக்கொண்டு கண்ணை உருட்டினேன். அக்கா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். அந்த நொடியில் சித்தப்பா அமுக்கிவிட்டார்.

போட்டோக்களைக் கழுவி, செங்கல்பட்டில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து கம்ப்யூட்டருக்குள் ஏற்றிக்கொண்டு வந்தார். அக்காவின் ஓரத்தை மவுஸால் வெட்டி முடிக்க அவருக்கு ஒரு மாலைப் பொழுது முழுதும் ஆயிற்று. அப்படியும் பையைப் பிடித்திருந்த கைக்கும் இடுப்புக்கும் நடுவில் ஒரு துண்டு நீலம் வெட்டுப்படாமல் நின்றுவிட்டது. பரவாயில்லை, யார் அவ்வளவு கிட்டத்தில் போய்ப் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டார்.

அந்தப் பங்குனியில் அக்கா போய்விட்டாள். காலேஜுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அதே பஸ்ஸில் வரும் ஒரு பையனோடு போய்விட்டாள் என்று மறுநாள் ஊருக்கே தெரிந்தது. வேறு சாதி. எனக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான். மற்றதை எல்லாம் நான் நுழைந்ததும் பேச்சை நிறுத்தியவர்களின் முகத்திலிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

அப்பா இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு தேடிப் போனார். சில நாள் கழித்துத் தனியாக வந்தார். வாசல் வரை வந்தவர் உள்ளே வராமல் நேராக ஏரிக்குப் போய், கட்டின வேட்டியோடு முங்கி எழுந்து, சொட்டச் சொட்ட நடந்துவந்து அம்மாவிடம் சொன்னார்.

"தலமுழுவிட்டேன். இனிமே இந்த வூட்ல அந்தப் பேரு வரக் கூடாது."

அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தூக்கக்கூட யாரும் கிட்டே போகவில்லை.

அன்று மாலை அப்பா தோட்டத்தில் வெந்நீர் அடுப்புக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, அக்காவின் படங்களை ஒவ்வொன்றாக நெருப்பில் போட்டார். கைக்குழந்தையாகக் குப்புறப் படுத்திருக்கும் படம், பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் கோப்பையோடு நிற்கும் படம், காஞ்சிபுரத்தில் நாங்கள் இருவரும் எடுத்துக்கொண்ட படம். அத்தை கல்யாணத்துக் குடும்பப் படத்தை எரிக்க முடியவில்லை; அதில் அவருடைய அப்பா அம்மா இருந்தார்கள். பிளேடு கொண்டுவரச் சொல்லி அக்காவை மட்டும் வெட்டி எடுத்தார். நான் அவள்மேல் சாய்ந்து நின்றிருந்தேன். அவளோடு சேர்ந்து என் இடது தோளும் போய்விட்டது. சித்தப்பாவிடமும் கேட்டார். அவர் போட்டோ கவரை ஃபிலிமோடு சேர்த்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பக்கத்தில் நிற்காமல் போய்விட்டார்.

கம்ப்யூட்டரை யாரும் நினைக்கவில்லை. அப்பாவுக்கு அது மூட்டை அறையில் இருக்கும் ஒரு பெட்டி. சித்தப்பாவுக்கோ அதன்மேல் இருந்த ஆசையே போய்விட்டது. உத்திரமேரூரில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்து, காலையில் போய் இருட்டுகிற நேரத்துக்கு வர ஆரம்பித்தார்.

கோடை விடுமுறை. வீட்டில் யாரும் பேசவில்லை. தெருவில் பிள்ளைகள் என்னை விளையாட்டுக்குக் கூப்பிடுவதும் குறைந்துவிட்டது. அவர்கள் வீட்டில் ஏதோ சொல்லியிருப்பார்கள். ஒரு மத்தியானம் மூட்டை அறைக்குப் போய் மெஷினைப் போட்டேன். எப்படிப் போடுவது என்று எனக்குத் தெரியும். ஏரிக்கரையிலிருந்து நடந்து, கோயிலைத் தாண்டி, தெருமுனைக்கு வந்தால், பஸ் ஸ்டாப்பில் அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

உதட்டைக் கடித்துக்கொண்டு, என்னைப் பார்த்து.

எனக்கு அழுகை வரவில்லை. நம்ப மாட்டீர்கள், கோபம்தான் வந்தது. இத்தனை நாளும் இங்கேதான் இருந்தாயா என்பதுபோல. அவளைச் சுற்றிப் பின்பக்கம் போகப் பார்த்தேன். அக்காவின் முதுகைத்தான் எனக்கு முகத்தைவிட நன்றாகத் தெரியும். அவள் காலேஜில் சேரும்வரை தினமும் அவள் சைக்கிள் மிதிக்க, பின்னால் கேரியரில் உட்கார்ந்து, ஆடுகிற சடையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள் நான். நான் இடது பக்கம் போனால் அவளும் திரும்பினாள். வலது பக்கம் வந்தேன், திரும்பினாள். தூரமாகப் போய், கோயிலுக்குப் பின்னால் ஒளிந்து, சட்டென்று வேறு வழியாக வந்து பார்த்தேன். எனக்கு முன்னாலேயே தெரிந்ததுபோல் அந்தப் பக்கம் பார்த்து நின்றாள்.

சித்தப்பா வந்ததும், ஒரு தடவை மட்டும் அவளைத் திருப்பி நிற்க வையுங்கள் என்று கெஞ்சினேன். அவர் கதவை எட்டிப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்.

"முடியாது கண்ணு. முன்னாடி ஒரு போட்டோதான எடுத்தோம்? பின்பக்கமே கிடையாது அவளுக்கு."

அவள் இருப்பது அவருக்குத் தெரிந்தேதான் இருந்தது.

அம்மா பார்த்தது சில நாள் கழித்து. நெல் அவிக்க மூட்டை பிரிக்க வந்தவள் என் தோளுக்கு மேலே திரையைப் பார்த்து அப்படியே நின்றாள். கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து திரையில் தொட்டாள். கண்ணாடி சுருக்கென்றதும் விரலை இழுத்துக்கொண்டாள், மறுபடியும் தொட்டாள். பிறகு கைக்கும் இடுப்புக்கும் நடுவில் இருந்த அந்த நீலத் துண்டைக் காட்டி, "இது என் பொடவ" என்றாள்.

அதற்குப் பிறகு தினமும் வந்தாள். அப்பா சாப்பிட்டு வயலுக்குப் போனதும் கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். பொத்தானை எப்படி அழுத்துவது என்று காட்டிக் கொடுத்தேன். ஆரம்பத்தில் ஏரிக்குள் போய் விழுந்துகொண்டிருந்தாள். கொஞ்ச நாளில் கரையிலிருந்து நேராகப் பஸ் ஸ்டாப்புக்கு வந்துவிடப் பழகிக்கொண்டாள். என்னைப்போல் அவள் சுற்றிவரவில்லை. நேரே போய் எதிரில் நின்றுவிடுவாள். ரொம்பக் கிட்டே போனால் முகம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். அதனால் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்தாள். மெல்லப் பேசுவாள். ஊரில் யாருக்குக் குழந்தை பிறந்தது, எந்த மாடு கன்று போட்டது, எல்லாம் சொல்வாள்.

பள்ளிக்கூடம் திறந்த பிறகு, ஒரு லீவு நாளில் அப்பா வந்துவிட்டார். அன்று மழை. நாற்று நடுகிற ஆட்கள் வராமல் போனதால் பாதியிலேயே திரும்பியிருக்கிறார். மழைச் சத்தத்தில் கதவு திறந்தது எங்களுக்குக் கேட்கவில்லை. அம்மா திரையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"சாப்ட்டியாடி? இளைச்சாப்ல கீற."

படம் எப்படி இளைக்கும் என்று நான் யோசித்துக்கொண்டே திரும்பினேன். அப்பா நனைந்த துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். அப்பா வந்தால் அம்மா எழுந்து நிற்பது வழக்கம். அன்றைக்கு எழவில்லை.

"யாரு அது?" என்றார் அப்பா.

"ஏன், உங்களுக்குத் தெரியலையா?" என்றாள் அம்மா. அவள் அப்பாவிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

அப்பா திரும்பி வெளியே போய்விட்டார். சித்தப்பா வரும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். அவர் சைக்கிளை நிறுத்துவதற்குள், "அதுல இருக்கிறத அழிச்சிடு" என்றார்.

"அண்ணே, அது வெறும் படம்ணே. அட்டையாட்டம். உசுரா கீது அதுல?"

"வெறும் படம்னா அழிக்கிறதுக்கு உனுக்கு இன்னா?"

அண்ணன் சொன்னதைச் சித்தப்பா ஒருநாளும் தட்டியதில்லை. மூட்டை அறைக்குப் போய் உட்கார்ந்தார். அப்பா அவர் பின்னால் நின்றார். நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். அடுப்படியில் அம்மா இருந்தாள். ஆனால் அங்கிருந்து ஒரு பாத்திரச் சத்தம்கூட வரவில்லை. சித்தப்பா ஏதேதோ திறந்து, அக்காவின் படத்தைத் தேடி எடுத்து, ஒரு பொத்தானை அழுத்தினார். திரையில் ஒரு சின்னக் கட்டம் வந்தது. அவர் அசையாமல் இருந்தார்.

"இன்னா சொல்லுது?" என்றார் அப்பா.

"நெஜமாவே அழிக்கணுமான்னு கேக்குதுண்ணே."

ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு தபா சொன்னா அதுக்குப் புரியாதா?"

சித்தப்பா அழுத்தினார்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மெஷினைப் போட்டுப் பார்த்தேன். பஸ் ஸ்டாப்பில் அக்கா இல்லை. அவள் நின்ற இடத்தில், அவள் உயரத்துக்கு, வெள்ளையாக ஒரு பலகை நின்றது. நான் இடது பக்கம் போனேன். பலகை திரும்பியது. வலது பக்கம் வந்தேன். திரும்பியது. பயந்துபோய் நிறுத்திவிட்டேன். சித்தப்பாவிடம் கேட்டதற்கு, படத்தைத்தான் எடுத்தேன், அது நிற்க வேண்டிய இடம் கேமுக்குள் அப்படியே இருக்கிறது, போட ஒன்றும் இல்லாவிட்டால் மெஷின் வெள்ளையாகக் காட்டும் என்றார். அந்த இடத்தையும் எடுத்துவிடலாமே என்றேன். "உங்கப்பா படத்ததான் அழிக்கச் சொன்னாரு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அம்மா ஒரே ஒரு நாள் வந்து அந்தப் பலகையைப் பார்த்தாள். அதற்குப் பிறகு நெல் எடுக்கக்கூட என்னைத்தான் அந்த அறைக்கு அனுப்பினாள்.

அக்கா இப்போது ஓசூரில் இருக்கிறாள். அப்பா இறந்து காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் அவளுக்குச் சொல்லி அனுப்ப முடிந்தது. புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். உடம்பு போட்டிருந்தது, முன் தலையில் நரை. அவளுடைய பெரிய பெண்ணுக்குத் தன் அம்மா சின்ன வயசில் எப்படி இருந்தாள் என்று பார்க்க ஆசை. வீடெல்லாம் தேடினோம். ஒன்றுமில்லை. சித்தப்பா எங்கேயாவது ஒரு பிரதி வைத்திருப்பார் என்று நான் ரொம்ப நாள் நம்பியிருந்தேன். அன்றைக்கு எல்லோர் முன்னாலும் கேட்டேன். "இல்ல" என்றார். அவர் குனிந்துகொண்ட விதத்தில், அது உண்மை என்று தெரிந்தது. அந்தப் பெண், என் தோள் வெட்டப்பட்ட கல்யாணப் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் அன்றைக்கு நான் அக்காவிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. சொல்ல வாயெடுத்தும், எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

படத்தை அழித்து ஒரு போகம் அறுவடையாகியிருக்கும். பரீட்சை என்று பள்ளிக்கூடத்தைப் பாதி நாளோடு விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்தபோது மூட்டை அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே மேஜைக்கு முன்னால் அப்பா உட்கார்ந்திருந்தார். மெஷினைப் போட அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியாது. வயல் சேறு காய்ந்த விரல் ஒன்று இடது அம்புக்குறிமேல் இருந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் பக்கத்துப் பொத்தானும் சேர்ந்து அழுந்தியது. அவ்வளவு தடித்த விரல். ஆனாலும் ஏரிக்கரையையும் கோயிலையும் தாண்டிப் பஸ் ஸ்டாப்புக்கு வந்துவிட்டிருந்தார்.

வெள்ளைப் பலகைக்கு எதிரில் நின்றார். இடது பக்கமாகச் சுற்றினார். பலகை திரும்பியது. வலது பக்கமாக வந்தார். திரும்பியது. கொஞ்சம் பின்னால் போனார். அது அவரையே பார்த்து நின்றது. பிறகு முன்னால் போக ஆரம்பித்தார். கிட்டே, இன்னும் கிட்டே. பஸ் ஸ்டாப் மறைந்தது, தெரு மறைந்தது, திரை முழுக்க வெள்ளையாகிவிட்டது. அந்த வெளிச்சம் அவர் முகத்தில் அடித்தது. பொத்தானிலிருந்து விரலை எடுக்கவேயில்லை.

அப்போதுதான் கரண்ட் போயிற்று.

அவர் எழுந்திருக்கவில்லை. நான் வந்து நிற்பது தெரிந்ததா என்றும் தெரியவில்லை. "அப்பா, கரண்ட் போயிடுச்சு" என்றேன்.

"தெரியுது" என்றார் திரும்பாமல்.

அடுப்படிக்குப் போனேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கரண்டுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார் என்று சொன்னேன். முறம் நின்றது. அம்மா அந்த அறைப் பக்கம் பார்க்கவில்லை, எழுந்து போகவுமில்லை.

"நீ அங்க போவாத. வெளிய போய் வெளாடு" என்றாள்.

பூட்டின பூட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அப்பா வீட்டைவிட்டுக் கிளம்புவார். அழிக்கச் சொன்னது சரியாக அழிந்திருக்கிறதா என்று பார்க்கிறார் என்றுதான், தெருவில் தனியாகப் பாண்டி ஆடிக்கொண்டே நான் நினைத்துக்கொண்டேன்.